தேரொலியும் மான்செவியும்

தமிழ்க் கவிதை மானின் கண்ணைப் பாடிய அளவிற்கு அதன் செவியைப் பாடியதில்லை. சங்கச் சான்றோர் முதல் திரைப்பாடலாசிரியர் வரை மான்விழி வற்றாத உவமையாகவே இருந்து வந்துள்ளது. மருண்ட நோக்கு என்ற தொடரைக் கேட்ட அளவில் பெண்ணின் முகம் ஒன்று நினைவில் எழுமே தவிர, மான் எழுவதில்லை. உவமை ஆகி ஆகி, உவமைக்கு உரிய விலங்கு மறைந்துபோயிற்று. அம்மருட்சி எதனால் விளைந்தது என்று கேட்பாரும் அரியர்.

மானை அருகிருந்து நோக்கியவர்க்கு விடை எளிது. சேர்வராயன் மலையடியில் உள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவிலோ, சென்னைக் கிண்டியிலோ சற்றுநேரம் நின்றால் போதும். மேயும் மானின் வாய் புல்லில் இருக்கும். செவிகள் இரண்டும் வெவ்வேறு திசையில் திரும்பிக்கொண்டிருக்கும். ஓர் ஒலி எழுந்தால் முதலில் செவி நிமிரும். பின்னரே தலை எழும். கண் விரிவது அதற்கும் பின்னர். மானின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. ஏறத்தாழ 300 பாகை அளவிற்குச் சுற்றுப்புறத்தைக் காண வல்லவை. எனினும் அசையாது நிற்கும் பொருளை இன்னதென்று பிரித்தறிவதில் அவை கூர்மையானவை அல்ல. ஆகவே கவிஞர் போற்றிய மருண்ட நோக்கு என்பது இரண்டாம் நிகழ்ச்சி. முதல் நிகழ்ச்சி செவியில் நடந்து முடிந்துவிடுகிறது.

இவ்வரிசை முறையைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். அதற்குத் தலையாய சான்று அகநானூற்றின் 134ஆம் பாட்டு. பாடியவர் சீத்தலைச் சாத்தனார், திணை முல்லை. வினை முடித்து மீளும் தலைவன் தன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான். மழை பெய்து கானம் அழகுற்றிருக்கிறது. செந்நிலத்தில் காயாம்பூக்கள் விழுந்து கிடக்கின்றன. அவற்றின் இடையிடையே தம்பலப்பூச்சிகள் ஊர்கின்றன. முல்லைப் பூக்களும் உதிர்ந்து பரந்துள்ளன. கைதேர்ந்த ஓவியன் தீட்டியது போன்ற அந்நிலத்தில், குதிரைகளைக் குத்தி விரட்டாமல், அவற்றின் கால்கள் மெல்ல ஒதுங்கி நடக்கும்படி தேரைச் செலுத்துக என்கிறான் தலைவன். காரணமும் சொல்கிறான். முறுக்கிய கொம்புடைய ஏறு தன் பிணையோடு கூடும் நிலையில் இருக்கிறது. தேரொலி அதன் செவியில் விழலாகாது.

அப்பாட்டின் இறுதியடி சற்று நின்று நோக்கத் தக்கது. தேரொலி கேட்டால் அக்கூட்டம் குலைந்துவிடும் என்று பொருள் விரிப்பார் உளர். ஆனால் சொற்கிடப்பை அப்படியே கொண்டால், கூட்டம் நள்ளிரவில் நிகழ்தலும் உண்டு என்பதே கிடைக்கும். அதாவது, ஒலியால் கலைந்த மான் தன் வாழ்வின் ஒரு செயலைப் பொழுது மாற்றி இருளுக்குத் தள்ளிவைக்கிறது. 2018ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு கண்டங்களைச் சேர்ந்த 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து நோக்கிற்று. மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில் விலங்குகளின் இரவு நடமாட்டம் 1.36 மடங்காக உயர்ந்திருந்தது. பகலை மனிதனிடம் விட்டுவிட்டு விலங்குகள் இரவுக்குள் ஒதுங்குகின்றன. இவ்வுண்மையைச் சாத்தனார் முன்னரே கண்டுபிடித்துவிட்டார் என்று கைதட்டிக்கொள்வது இங்கு நோக்கமன்று. அத்தகைய கைதட்டல்கள் தமிழ் மேடைகளில் போதிய அளவு ஒலித்துவிட்டன. பாட்டிற்கு எந்தப் பொருள் பொருந்தும் என்ற உரைச்சிக்கலில், மானின் இயல்பும் ஒரு சான்றாகலாம் என்பதே கருத்து.

அம்மான் எது என்பதும் ஐயமின்றித் துணியக்கூடியதே. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு கிளைக்கும். ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். கிளையின்றித் திருகியெழுந்து, விழாது நிலைக்கும் கொம்பு இரலைக்கே உரியது. இதனைத் திருகுமான் என்றும் வெளிமான் என்றும் வழங்குவர். வெளிமான் என்ற பெயரிலேயே அதன் வாழிடமும் உண்டு. அடர்காடு அதற்கு ஆகாது. திறந்த புல்வெளியும் குறும்புதரும் வேண்டும். மறைந்துகொள்ள மரமில்லாத வெளியில் வாழும் விலங்கிற்குத் தொலைவில் எழும் ஒலியை அறிவதும் விரைந்து ஓடுவதுமே அரண்கள். இன்று தமிழகத்தில் கோடியக்கரை, கிண்டி, வல்லநாடு, மோயாற்றுப் பள்ளத்தாக்கு முதலிய சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அகநானூற்றின் நான்காம் பாட்டிலும் இரலை வருகிறது. குறுங்குடி மருதனார் அதன் கொம்பை முறுக்கிய இரும்பிற்கு ஒப்பிடுகிறார். பெய்த மழைநீர் தேங்கிய பரற்பள்ளங்களில் அது துள்ளித் திரிகிறது. ஆனால் அப்பாட்டில் தலைவன் அஞ்சுவது மானுக்காக அன்று. பூஞ்சோலையில் துணையோடு தங்கிய வண்டினங்களுக்காக. அவை கலங்குமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். இதனைத் தலைவனின் மென்மைக்குச் சான்றாகவே வகுப்பறைகளில் கூறி முடித்துவிடுகின்றனர். மென்மை இருக்கட்டும், அதனினும் குறிக்கத் தக்கது ஒன்றுண்டு. மணியின் நா கட்டப்படக் கூடியது என்பதுதான் அது. பயணத்திற்குச் சக்கரம் இன்றியமையாதது, மணியோசை அத்தகையதன்று. தவிர்க்க இயலாத ஒலியும் தவிர்க்கக் கூடிய ஒலியும் ஒரே தேரில் இருப்பதை இவ்விரு பாட்டுகளும் பிரித்துக் காட்டுகின்றன. ஒன்றில் மணியைக் கட்டுகிறான்; மற்றொன்றில் வேகத்தைக் குறைக்கிறான்.

மூன்றாவது பாட்டு நற்றிணையின் 242. பாடியவர் விழிக்கட் பேதைப் பெருங்கண்ணனார். விழித்த கண்ணையுடைய மான்குட்டியைப் பாடியதால் அவருக்கு அப்பெயர் அமைந்தது என்பர். இங்கும் தலைவன் தேரில் மீள்கிறான். களர்நிலத்தில் ஒரு மான்பிணை குட்டியோடு இனத்தைப் பிரிந்து ஓடுகிறது. இரலையேறு ஒன்று அவ்விடம் விட்டு அகலாது, தேடி நிற்கிறது. அதனைக் காட்டி, உன் தேர் செல்க என்று பாகனை ஏவுகிறான். முன்னைய பாட்டில் மானைக் கண்டு வேகம் குறைந்தது; இப்பாட்டில் மானைக் கண்டு வேகம் பிறக்கிறது. பிரிந்த ஏற்றின் நிலையில் வீட்டிலிருப்பவளின் நிலையைக் கண்டுவிட்ட நெஞ்சுக்குப் பொறுமை இல்லை. ஆனால் அம்மான் கூட்டம் கலைந்தது எதனால்? புலவர் சொல்லவில்லை. வந்த தேரின் ஒலியே காரணமாயிருத்தல் கூடும். அவ்வாறாயின், தான் பிரித்த இணையைக் காட்டியே தலைவன் தன் பிரிவுக்கு இரங்குகிறான் என்றாகும். உரைகாரர் எவரையும் துணைக்கு அழைக்காமல் இவ்வையத்தைக் கவிஞர்களிடமே விட்டுவிடலாம்.

காதலனின் தேர் மட்டுமே மானை நோக்கி வந்தது என்றால் மானின் கதை எளிதாகவே முடிந்திருக்கும். வேட்டுவனும் வந்தான். கார்காலம் தேருக்கு உரியது போலக் கோடை வேட்டைக்கு உரியதாயிற்று. நீர் அருகிய காலத்தில் விலங்குகள் நீருள்ள இடத்திற்கு வந்தே ஆகவேண்டும் அல்லவா. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் வேட்டையை விரித்துரைக்கிறார். மழை பொய்த்த பருவம். மானின் அடிச்சுவடு பதிந்த வழி. நீர் வேட்கையால் வரும் விலங்குகளுக்காகத் தோண்டிய குழிகள். குழிக்குள் ஒடுங்கி, நள்ளிரவில் காட்டுப்பன்றியின் வரவு பார்த்து மூச்சடக்கி இருப்பர். அவ்வேட்டை பொய்த்தால் பகலில் நாய்களோடு சென்று, வலைகளைப் பிணைத்து வளைத்து முயலைப் பிடிப்பர். இரவு வேட்டை ஓசையடக்கி நடப்பது. பகல் வேட்டையோ நாயும் ஆளும் சூழ்ந்து வளைப்பது. வேட்டுவன் அமைதி, ஆரவாரம் என்ற இரண்டையும் கருவியாக்கிக் கொண்டவன்.

அமைதியின் பக்கத்திற்கு இந்தச் சமவெளியே தலைவன் ஒருவனைத் தந்திருக்கிறது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடுகிறார். உயர்வுநவிற்சி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அம்பு என்ற கருவியின் இயல்பு அதில் உள்ளது. முதல் விலங்கு வீழ்ந்த ஒலி கேட்டு இரண்டாவது விலங்கு ஓடவில்லை, ஓட நேரமில்லை. துப்பாக்கி வந்த பின்னர் இவ்வாறு பாட ஒருவருக்கும் வாய்ப்பில்லை. இன்று ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவிற்கு ஊர்திகள் வரிசையாகக் கொல்லிமலை ஏறுகின்றன. ஓசையின்றி எய்தவன் பெயரால் அம்மலை காணும் மிகுந்த ஓசையுடைய நாள்கள் அவையாகவும் இருக்கக்கூடும்.

மானின் செவி ஓசையின் அளவைக் கேட்பதை விட, ஓசையின் பொருளைக் கேட்கிறது. இதற்கு வடபுலத்து வேட்டை வரலாறு நல்ல சான்று தருகிறது. முகலாய மன்னரும் பின்னாளில் சமஸ்தானத்து அரசரும் பழக்கிய சிவிங்கிப்புலிகளைக் கொண்டு இரலைகளை வேட்டையாடினர். சிவிங்கியை மானருகே எவ்வாறு கொண்டுசெல்வது? குதிரையைக் கண்டால் மான் ஓடும்; நடந்துவரும் ஆளைக் கண்டாலும் ஓடும். ஆகவே மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றனர். நாள்தோறும் உழவர் வண்டிகளின் சக்கரக் கிறீச்சொலியைக் கேட்டுப் பழகிய மான்கள் அவ்வொலிக்கு அஞ்சவில்லை. உழவனின் ஓசைக்குள் ஒளிந்து மரணம் அருகே வந்தது. பழகிய ஒலி பாதுகாப்பான ஒலி என்று மான் கொண்ட முடிவு தவறன்று. அம்முடிவை மனிதன் பயன்படுத்திக்கொண்டான்.

மாட்டுவண்டியின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் ஜீப் பிடித்தது. திறந்த வெளியில் துரத்தவும் இரவில் விளக்கொளி பாய்ச்சி நிறுத்தவும் அது உதவிற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவிற்கு ஓடவல்லதாகச் சொல்லப்படும் இரலை, தன் அரண்களுள் ஒன்றான வேகத்தை அவ்வாறு இழந்தது. புல்வெளிகள் உழுநிலங்களாக மாறியதும் உடன் சேர்ந்துகொள்ள, நாடெங்கும் பரவியிருந்த இவ்வினம் சிறுசிறு கூட்டங்களாகச் சுருங்கிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரலையை முதல் அட்டவணையில் வைத்தது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையும் நீக்கிற்று. எனவே இந்நாட்டில் இன்று வேட்டைப் பருவம் என்று சட்டம் ஏற்ற ஒன்று இல்லை. கோயில் திருவிழாக்களில் இறைவன் எழுந்தருளும் பரிவேட்டையில் மட்டுமே அச்சொல் மதிப்போடு வாழ்கிறது. திருட்டு வேட்டைக்குப் பருவம் பார்க்கும் வழக்கமில்லை.

வேட்டைப் பருவம் சட்டப்படி நடக்கும் வட அமெரிக்காவில்தான் ஊர்தியொலியும் மானும் பற்றிய ஆய்வுகள் மிகுதி. கொலராடோவில் ராஸ்ட், பெய்லி என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு, மான்கள் சாலையை விட்டு ஒதுங்குவதையும், சாலையின் இருமருங்கும் 200 மீட்டர் அளவில் அவ்வொதுக்கம் மிகுந்திருப்பதையும் காட்டிற்று. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எல்க் என்னும் பெருமான்களை ஆராய்ந்தவர்கள் 2012இல் அறிவித்த முடிவு இன்னும் வியப்புக்குரியது. இரண்டு மணி நேரத்திற்கு ஓர் ஊர்தி என்ற மிகச் சிறிய போக்குவரத்தே அம்மான்களின் எச்சரிக்கையை உயர்த்தப் போதுமானதாயிருந்தது. எச்சரிக்கை என்பது வெறும் சொல் அன்று. தலை நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் வாயில் புல் இல்லாத நொடி. ஒருவரும் துரத்தாமலே, ஒருவரும் சுடாமலே, மான் இளைக்கிறது.

இதற்கு மாறாகத் தோன்றும் சான்றுகளும் உள்ளன. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. குளம்புள்ள விலங்குகள் மனிதனைக் கண்டு ஓடும் தன்மை பற்றிய பல ஆய்வுகளை ஸ்டேங்கோவிச் என்பவர் 2008இல் தொகுத்து நோக்கினார். ஊர்திகளையும் ஓசைகளையும் விட, நடந்துவரும் மனிதனுக்கே அவை மிகுதியாக அஞ்சின. வேட்டையாடப்படும் கூட்டங்கள், வேட்டையில்லாத இடத்துக் கூட்டங்களை விட விரைந்து ஓடின. எல்லோஸ்டோன் பகுதியில் பெர்கர் என்னும் ஆய்வாளர் 2007இல் வேறொன்றைக் காட்டினார். அங்குள்ள மூஸ் என்னும் பெரிய மான்பிணைகள் குட்டி ஈனும் காலத்தில் சாலையோரத்தை நாடி வந்தன. குட்டியைத் தின்னும் கரடிகள் சாலைக்கு அஞ்சியதே காரணம். வண்டியொலியே அங்கு வேலியாயிற்று. கிண்டியிலும் சென்னை ஐஐடி வளாகத்திலும் நகரத்து இரைச்சலின் நடுவே மான்கள் மேய்வதைக் காண்பவர், ஒலி மானைத் தொடுவதேயில்லை என்று எண்ணவும் கூடும்.

முரண் தோற்றமே. நாள்முழுதும் ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குப் பொருள் இல்லை. அதனை மான் புறந்தள்ளப் பழகுகிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்றால் அப்போது பொருள் பிறக்கிறது. கதவு திறக்கும் ஒலி, மனிதக் குரல், வேட்டைக்காலத்தில் கேட்ட துப்பாக்கி வெடி ஆகியவை நினைவில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. ஆகவே ஓர் ஒலி மானை என்ன செய்யும் என்பதற்கு ஒலிமானி மட்டும் விடை சொல்லாது. அந்த மானுக்கு முன்னர் நேர்ந்தது என்ன என்பதும் வேண்டும். பழகிய மானும் இழப்பின்றித் தப்புவதில்லை. இரைச்சலின் அடியில் சிற்றொலிகள் மூழ்கிவிடுகின்றன. சருகு மிதிபடும் ஓசை, குட்டியின் குரல், தோழமை மான்களின் எச்சரிக்கை எதுவும் கேட்பதில்லை. கேளாததைக் கண்ணால் ஈடுசெய்ய மான் அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறது. கவிஞர் பாடிய மருண்ட நோக்கு, செவி தோற்ற இடத்தில் பிறப்பது.

செவியின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. வெண்வால் மானின் செவியை அளந்தவர்கள், மனிதச் செவியின் எல்லையாகிய 20,000 ஹெர்ட்சைக் கடந்து 50,000க்கும் மேற்பட்ட அதிர்வெண்ணை அது கேட்பதைக் கண்டனர். ஆழ்ந்த ஒலிகளைக் கேட்பதில் மனிதச் செவியே மேல். இங்குள்ள மான்களுக்கும் இதுவே இயல்பு எனின், மனிதருக்குப் பெரிதாகத் தோன்றும் லாரியின் உறுமல் மானுக்கு அவ்வளவு பெரிதன்று. தடைக்காற்று சீறும் ஒலியும், பிரேக் உராயும் கீச்சொலியும் மனிதர் அறியாத உயரத்தில் அதனைத் தைக்கும். ஊர்தியின் முன்னே பொருத்தினால் மான்கள் விலகிவிடும் என்று விற்கப்படும் ஊதல்களைப் பற்றி அமெரிக்காவின் யூட்டாவில் ஓர் ஆய்வு நடந்தது. மான்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை என்று 1992இல் முடிவு வெளிவந்தது. விலகு என்னும் பொருளை மனிதன் அவ்வொலியில் வைத்தான். மானுக்கு அதனை ஒருவரும் கற்பிக்கவில்லை.

இனி இந்தச் சமவெளிக்குத் திரும்பலாம். சேலத்தைச் சேர்வராயன் மலையும் சருகுமலையும் கல்வராயன் மலையும் சூழ்ந்துள்ளன. 1997 சனவரி முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையையும் போதமலையையும் கொண்டது. இடைப்பட்ட செம்மண் வெளி, சாத்தனார் காட்டிய முல்லை நிலத்தை நினைவூட்டும் மேட்டு நிலம். அவ்வெளி இன்று தென்னாட்டின் லாரிப் பட்டறை. சங்ககிரியும் நாமக்கல்லும் சரக்கு ஊர்திகளால் வாழும் ஊர்கள். கூண்டு கட்டும் தொழில் நாமக்கல்லின் அடையாளம். திருச்செங்கோட்டில் கட்டப்பட்ட ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் துளையிடுகின்றன. சமையல் எரிவாயுவைச் சுமந்து செல்லும் டேங்கர் லாரிகளுக்கும் நாமக்கல்லே தலைமையிடம். மழை பொய்த்த மானாவாரி நிலத்து உழவர் பிள்ளைகள் பலர் வலவர் ஆனார்கள். இதனை எள்ளற்பொருளாகக் கொள்வார் இவ்வட்டாரத்தை அறியாதார்.

மலைக்கு ஏறும் பாதைகளில் ஒலியின் நிலை வேறு. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைப் பாதையில் 70. வளைவுதோறும் ஒலியெழுப்புதல் பாதுகாப்பிற்கு உரிய ஒழுங்கு. வளைவிற்கு ஒருமுறை என்று கொண்டாலும் ஓர் ஊர்தி கொல்லிமலை ஏறி இறங்க 140 முறை ஒலிக்கும். இது வலவனின் குற்றமன்று. ஒலிக்காவிட்டால் எதிர்வரும் வண்டியில் உயிர் போகும். இங்கேதான் அகநானூற்றின் வேறுபாடு மீண்டும் உதவுகிறது. வளைவில் எழுப்பும் ஒற்றை ஒலி சக்கரத்தைப் போன்றது. பல சுதியில் அலறும் காற்றொலிப்பான் மணியைப் போன்றது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பல்சுதி ஒலிப்பான்களை விலக்கியுள்ளன. விதி ஏட்டில் இருக்கிறது. ஒலிப்பான் வண்டியில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாகக் கருதின. அங்கே இரவில் 40 டெசிபெல்லே எல்லை. காட்டோரம் அப்பெயர்ப்பட்டியலில் நேராக இடம்பெறவில்லை.

லாரியின் பின்பலகையில் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதும் வழக்கத்தை அறியாதார் இவ்வவையில் இரார். வட இந்தியாவில் அது ‘ஹாரன் ஓகே ப்ளீஸ்’. வீணாக ஒலியெழுப்பத் தூண்டுகிறது என்று மகாராட்டிர அரசு 2015இல் அத்தொடரைத் தடை செய்தது. மணியின் நாவைக் கட்டிவிட்டு வந்த தேரைப் பாடிய மொழியில், ஒலி எழுப்புக என்னும் வேண்டுகோள் வண்டியின் முதுகிலேயே எழுதப்படுகிறது, அதுவும் ஆங்கிலத்தில். நாமக்கல் பட்டறைகளில் தூரிகை பிடிக்கும் ஓவியர்கள் மயிலையும் தாமரையையும் மானையும் கூட அப்பலகைகளில் தீட்டுவதுண்டு.

ஒலியைக் குறைப்பதோடு நில்லாமல், வண்டியையே நிறுத்துவது என்ற முடிவும் எடுக்கப்பட்டுள்ளது. கருநாடகத்தின் பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தமிழகத்தில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தினூடே செல்லும் திம்பம் மலைப்பாதை 27 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. கொங்கு நாட்டு வண்டிகள் மைசூருக்குச் செல்லும் வழி. ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019இல் பிறப்பித்த இரவுத் தடையைச் செயற்படுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 பிப்ரவரி 10 முதல் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்திற்கும் இடையே சரக்கு ஊர்திகள் மாலை 6 மணிக்கும், ஏனைய ஊர்திகள் இரவு 9 மணிக்கும் நிறுத்தப்பட்டன. பின்னர் உள்ளூர் மக்களின் பொருட்டும் பிற காரணங்களாலும் அவ்வாணையில் மாற்றங்கள் செய்யப்பட்டன.

ஊர்தி மோதி விலங்குகள் மடிவதைத் தடுப்பதே அவ்வாணையின் முதல் நோக்கம். எனினும் சக்கரம் நின்றபோது ஓசையும் நின்றது. நின்ற ஓசைக்கு விலை கொடுத்தவர் சிலர். தாளவாடியில் விளைந்த காய்கறி மறுநாட் சந்தைக்குள் சேரவேண்டும். இரவு முழுதும் சோதனைச்சாவடியில் கிடந்தால் விலை போகாது. கடையடைப்பும் போராட்டமும் நடந்தன. நாள் கணக்கில் வாடகை பேசிய வலவனுக்கு ஒரு பயணத்தில் ஓர் இரவு கழிந்தது. காடு வேண்டும் என்பார் எல்லாரும் அந்த இரவின் கணக்கில் பங்கு கொள்வதில்லை. நகரத்தில் அமர்ந்து மானுக்கு இரங்குவது செலவில்லாதது. சேலத்திலும் நாமக்கல்லிலும் எழுதும் கவிஞர்க்கு அவ்வசதி குறைவு; மானுக்காகப் பேசினால் எதிர்வீட்டு வலவன் கேட்பான்.

அதுவே இவ்வட்டாரத்துக் கவிதைக்கு வாய்த்த பேறு எனலாம். அண்மைக் காலத்துச் சுற்றுச்சூழல் கவிதைகளில் ஊர்தி என்றால் அரக்கன். ஓட்டுபவனுக்கு முகமே இல்லை. முல்லைப் பாட்டுகளில் அவன் வலவன் என்று விளிக்கப்படுகிறான். அரசனோ தலைவனோ அவனுக்குக் கட்டளையிடும்போதும், காரணத்தையும் சேர்த்தே சொல்கிறான், மானைக் காட்டுகிறான், பொறுத்துச் செல் என்கிறான். கடிவாளம் அவன் கையில் இருப்பதால் முடிவும் அவன் கையில்தான். குதிரையைக் குத்தும் கோலை மறந்துவிடு என்று அவனிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். இக்காலத்து வலவனை அவ்வாறு விளித்துப் பேசும் கவிதை, மலையேறும் லாரியின் இரண்டாம் கியரையும், வாடகைக் கணக்கையும், காட்டோரத்து இருளில் நிமிரும் இரண்டு செவிகளையும் ஒருங்கே அறிந்ததாக இருக்கவேண்டும். அத்தகைய கவிதை இன்னும் அரிதாகவே காணப்படுகிறது.

சாத்தனாரின் தலைவன் தேரை நிறுத்தச் சொல்லவில்லை என்பதும் இங்கு எண்ணத் தக்கது. அவன் நெடுநாள் பிரிந்திருந்தவன். கார் வந்துவிட்டது, வருவேன் என்று குறித்த பருவம் அதுவே. ஒவ்வொரு நாழிகையும் வீட்டில் ஒருத்தி வாயிலை நோக்கி இருக்கிறாள். பெருங்கண்ணனாரின் தலைவனைப் போல விரைக என்று சொல்ல அவனுக்கும் எல்லாக் காரணமும் இருந்தது. மெல்லச் செல்க என்றே சொன்னான். குதிரைகள் கால் ஒதுக்கி நடந்தன. அன்றிரவு அத்தேர் எந்நேரத்தில் ஊர் சேர்ந்தது என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை.